கடலைப் பார்த்து உட்கார்ந்த கணவர்

பினாங்கிலிருந்து குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போனோம். நீச்சல் குளத்தில் பெண்கள் இரண்டு துண்டுத் துணியோடு நின்றார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"அந்தப் பக்கம் கடலைப் பார்த்து உட்காருங்க. நான் சொல்ற வரைக்கும் திரும்பினா தெரியும் சேதி!" என்று கணவரை அதட்டிவிட்டு, பருத்திச் சுடிதாரோடு குளத்தில் இறங்கினேன். படியில் கால் வழுக்கியது. ஈரத்துணி கல்லாகக் கனத்தது, துப்பட்டா கழுத்தைச் சுற்றியது. "ஏங்க!" என்று அலறினேன். மனிதர் அசையவில்லை.

நான் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒரு வெள்ளைக்காரிதான் குதித்து என்னைத் தூக்கினாள். துணி உடம்போடு ஒட்டியிருந்ததால், தன் துண்டையே எனக்குப் போர்த்தினாள்.

"கூப்பிட்டது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நான் திரும்புறேனான்னு நீ டெஸ்ட் பண்றேன்னு நினைச்சேன்லா!"

சிரிப்பதா, அறைவதா?

எங்கள் ஊரான சுங்கைப் பட்டாணிக்கு வந்ததும், மலாய்ப் பெண்கள் போடும் முழுநீள நீச்சல் உடை வாங்கினேன். அடுத்தவர் உடையைப் பற்றி இப்போது வாய் திறப்பதில்லை. கணவரைக் குளத்தைப் பார்த்தே உட்கார வைக்கிறேன். யாரை வேண்டுமானாலும் பார்க்கட்டும், நடுநடுவே என்னையும் பார்த்தால் போதும்.