என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டது நான்தான்

1. சனிக்கிழமை அரைமணி

வானொலிக்கு வரப்போகும் பிள்ளைகளுக்கு உதவும், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெருந்தன்மையோடு எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதல் வரியிலேயே கவிதா வந்து நிற்கிறாள். அவளை ஒதுக்கிவிட்டு என் வேலையைப் பற்றி எழுத முடியாது. ஆகவே பொறாமையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கோலாலம்பூரில் ஒரு பொது வானொலியின் தமிழ்ப் பிரிவில் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவள். பிரிக்பீல்ட்ஸில் எழும்பும் புது கொண்டோ அடுக்குமாடி, கிள்ளானில் வெள்ளம், சுங்கை பூலோவில் கும்பாபிஷேகம், மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பெருநாள் வியாபாரம், எதுவானாலும் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது நான். ஆனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. நிருபர் வெளியே போய்ப் பதிவு செய்து அனுப்புவார். அதை வெட்டிக் கோத்து, முன்னும் பின்னும் பேசி, காற்றில் விடுவது அறிவிப்பாளர். வெயிலில் நின்றவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஏசி அறையில் உட்கார்ந்து பேசியவர் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் நகரச் செய்தியும் கலையும் கலந்த அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதை வழங்கியவர் ஓய்வு பெற்றபோது, அடுத்தது நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முகம் தெரியாத வானொலிக்கென்று புதுச் சேலை எடுத்தவள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் தலைவர் பெருமாள் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நல்ல செய்திக்கு யாரும் கதவைச் சாத்துவதில்லை.

"உங்களோடது நியூஸ் குரல், செல்வி. கேட்டா ஆளு நிமிர்ந்து உக்காந்துருவான். சனிக்கிழமை காலையில எவனும் நிமிர்ந்து உக்கார வேணாம் லா. கவிதாகிட்ட குடுக்கலாம்னு இருக்கேன்."

"அவ வந்து ஒரு வருஷம்கூட ஆகல சார்."

"குரலுக்கு சீனியாரிட்டி பாக்க முடியாதும்மா."

கவிதா சுபாங் ஜெயா பெண். சிரித்துக்கொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள். வெளியே வந்தபோது என் மேசையருகே நின்றிருந்தாள். "அக்கா, சேலை சூப்பரா இருக்கு. இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

2. மூச்சு சத்தம்

அதன்பின் ஒரு சனிக்கிழமையையும் நான் விட்டதில்லை. வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்பேன். என் கணவர் காபி வேண்டுமா என்று கேட்டால் கையை மட்டும் அசைப்பேன். ரசிப்பதற்காகக் கேட்கவில்லை. குறை பிடிப்பதற்குத்தான் கேட்டேன்.

கிடைக்காமல் போகுமா? வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குவாள். பாட்டு முடிவதற்குள் அவசரப்பட்டுப் பேச வந்துவிடுவாள். நிகழ்ச்சி முடிந்த கையோடு வாட்சப்பில் குரல் செய்தி அனுப்புவேன்: "கவிதா, நல்லா இருந்துச்சும்மா. ஆனா ரெண்டாவது ஐட்டம்ல மூச்சு சத்தம் மைக்ல விழுந்துச்சு. சொல்லணும்னு தோணுச்சு." அக்கறை மாதிரி இருக்க வேண்டும், ஆனால் சுருக்கென்று தைக்கவும் வேண்டும். அந்தக் குரலுக்காக எத்தனையோ முறை பேசி, அழித்து, மறுபடி பேசியிருக்கிறேன். அவள் உடனே பதில் போடுவாள்: "தேங்க்ஸ் கா. அடுத்த வாரம் பாத்துக்கிறேன்."

அடுத்த வாரம் அந்தக் குறை இருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவே தாங்காது.

வெளியே போனால் இன்னும் மோசம். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, ஒரு கடைக்காரர் முன் மைக்கை நீட்டினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கவிதா வரலயா?"

"அவங்க ஸ்டூடியோல இருப்பாங்க அண்ணே. நான்தான் எப்பவும் வர்றது."

"அப்படியா? அவங்க நேர்ல வந்து பாத்த மாதிரியே பேசுறாங்களே."

பேட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

3. பதினோராவது மாடி

கிள்ளானில் ஒரு பழைய அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை, வாரக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்று அழைப்பு வந்தது. பதினோராவது மாடியில் லெட்சுமி ஆன்டி என்று ஒருவர் பேசத் தயார் என்றார்கள். தனியாக இருப்பவர், முழங்கால் வலிக்காரர். ரெக்கார்டர் பையோடு ஏறினேன். ஏழாவது மாடியில் பொறாமைகூட மறந்துபோனது. மூச்சு மட்டும்தான் இருந்தது.

பேட்டி எடுப்பதற்கு முன் லெவல் பார்ப்பது எங்கள் தொழிலில் கட்டாயம். பேசுகிறவரின் சத்தம் ரெக்கார்டரில் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எல்லா நிருபரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? பதிலை யாரும் காதில் வாங்குவதில்லை. கண் ரெக்கார்டரின் அளவு முள்ளின் மேல் இருக்கும். அலுவலகம் திரும்பியதும் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஒலிக்கோப்பை அனுப்புவோம்.

நானும் கேட்டேன், ஆன்டி பதில் சொன்னார். பிறகு பேட்டி தொடங்கியது. மைக்கைக் கண்டதும் எங்கள் ஊர் மக்களுக்கு ஒரு செய்தித் தமிழ் வந்துவிடும். ஆன்டிக்கும் வந்தது. "மின்தூக்கி பழுதடைந்துள்ளதால் குடியிருப்பாளர்கள் பெரும் சிரமத்தை எதிர்நோக்குகின்றனர். சம்பந்தப்பட்ட தரப்பினர் உடனடி நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்றார். எனக்குத் திருப்திதான். நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

திரும்பும்போது நல்ல மழை. நெடுஞ்சாலையில் கார்கள் அசையவில்லை. நிகழ்ச்சி மறுநாள் காலை, கவிதா கோப்பு கேட்டு அழைத்துக்கொண்டே இருந்தாள். வெட்ட நேரமில்லை. காரில் உட்கார்ந்தபடி முழுக் கோப்பையும் அப்படியே அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை ஹெட்போனை மாட்டினேன். இசை முடிந்தது. கவிதா வணக்கம் சொல்லவில்லை. முதலில் கேட்டது என் குரல்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க ஆன்டி?"

"பிஸ்கட்டு. நேத்தும் பிஸ்கட்டுதான்மா. கேஸ் முடிஞ்சு போச்சு. கேஸ்காரன் லோரிய கீழ நிறுத்திட்டு, பதினோரு மாடி தூக்க மாட்டேன், நீங்க எறங்கி வாங்கன்னு போன்ல சொல்றான். நான் எறங்கிப் போயி, அந்த கேஸ் தோங்க எப்படித் தூக்கிட்டு ஏறுவேன்? சோறாக்கி நாலு நாளாச்சு."

"போதும் ஆன்டி, லெவல் சரியா இருக்கு. இப்ப பேட்டிய ஆரம்பிக்கலாம்."

அந்தக் கடைசி வரியையும் அவள் வெட்டவில்லை. கொஞ்சம் மௌனம் விட்டு, அதன்பிறகுதான் வணக்கம் சொன்னாள். இத்தனை காலம் ஆசைப்பட்ட சனிக்கிழமை நிகழ்ச்சியில், அந்தக் கேள்விக்கு அடுத்து என் குரல் சொன்ன முதல் சேதி 'போதும் ஆன்டி'.

4. முறுக்கு டப்பா

தொலைபேசி ஓயவில்லை. பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து கூடச் சோறும் குழம்பும் படியேறின. அடுத்த வாரத்துக்குள் லிஃப்டும் ஓடியது. பெருமாள் சார் கூட்டத்தில் கவிதாவை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன், உள்ளங்கை எரிய எரிய.

என் கேள்வி. என் மைக். நான் ஏறிய படி. இதைச் சொல்லிச் சொல்லி மனசுக்குள் வெந்தேன். ஆனால் அந்தப் பதில் என் கையிலேயே இருந்தும் எனக்குக் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டுவிட்டது என்பதில்தான் வயிறு அதிகம் எரிந்தது.

லிஃப்ட் ஓடுவதைப் பதிவு செய்யக் கிள்ளானுக்கு மறுபடி போனேன். ஆன்டி ஒரு டப்பா முறுக்கைக் கையில் வைத்தார். எனக்குத்தான் என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

"இத கவிதாகிட்ட குடுத்துரும்மா. மறந்துறாத."

கொமுட்டர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஷா ஆலம் தாண்டுவதற்குள் டப்பாவைத் திறந்தேன். நல்ல முறுக்கு. கவிதாவிடம் கொடுத்தபோது அவள் உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ரயில்ல கூட்டமா கா?" என்றாள். இருவரும் மிச்சத்தைத் தின்றோம்.

அன்றிலிருந்து லெவல் பார்க்கிற பகுதியை நான் வெட்டுவதே இல்லை. அந்தப் பதிலுக்கு அடுத்த கேள்வியும் கேட்கப் பழகினேன். நன்றாக வந்தது. எல்லாம் அவள் நிகழ்ச்சிக்குத்தான் போனது.

5. கவிதா லீவா?

நான் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கையில், கவிதா பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பாட்காஸ்ட் நிறுவனத்துக்குப் போய்விட்டாள். நல்ல சம்பளம். பிரியாவிடை விழாவில் அழுதாள். நான் கேக் வெட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை அரைமணி என் கைக்கு வந்தது.

பழைய சேலையைத்தான் கட்டிக்கொண்டு போனேன், அந்தப் புதுச் சேலையைத்தான் சொல்கிறேன். மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்காரர், என்ன சாப்பிட்டீர்கள் என்ற கேள்விக்குச் சொன்ன பதிலோடு தொடங்கினேன். நிகழ்ச்சி முடிந்ததும் வந்த முதல் அழைப்பு: "கவிதா லீவா?" இரண்டாவது அழைப்பும் அதுதான். மூன்றாவது எடுக்கவில்லை.

ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு காலம் பொறாமைப்பட்டது இந்த வெறும் நாற்காலிக்கா என்று தோன்றியது. அப்போது கைப்பேசி அதிர்ந்தது. கவிதாவின் குரல் செய்தி.

"அக்கா, நல்லா இருந்துச்சு. ஆனா ரெண்டாவது ஐட்டம்ல மூச்சு சத்தம் மைக்ல விழுந்துச்சு. சொல்லணும்னு தோணுச்சு."

மறுபடி போட்டுக் கேட்டேன். அக்கறை மாதிரி இருந்தது. சுருக்கென்று தைக்கவும் செய்தது. இடையில் லேசான கரகரப்பு. ஒரே முறையில் பேசியது இல்லை, அழித்து அழித்துப் பேசியது. அந்தக் குரலை என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

பிள்ளைகளே, ரெக்கார்டரைச் சீக்கிரம் போடுங்கள், எதையும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். இன்னொன்று, உங்களைப் பார்த்து வயிறெரிகிற ஒருவர் அமைந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் சமைத்துக்கொண்டும் கார் ஓட்டிக்கொண்டும் கேட்பார்கள். அந்த ஒருவர்தான் உங்கள் மூச்சுவரைக்கும் கேட்பார்.

"தேங்க்ஸ் மா. அடுத்த வாரம் பாத்துக்கிறேன்" என்று பதில் அனுப்பினேன். பிறகு பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் வாழை இலையில் சாப்பிட்டேன். சோறு மறு தடவை கேட்டு வாங்கினேன்.