பொன்னாத்தாளின் குரல்

இன்று தீவனக் கடையில் பருத்திக்கொட்டை வாசம் அடித்ததும், 1930களில் நாங்கள் படித்த, இப்போது அடையாளமே இல்லாமல் போன பருத்தியில் கொட்டை நீக்கும் ஜின்னிங் மில் கொட்டகைப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. பஞ்சு பறந்து வந்து எங்கள் சடைகளில் ஒட்டிக்கொண்டிருக்க, ‘எக்ஸ்க்ளெய்ம்’ என்றால் திடீரென்று கத்திச் சொல்வது என்றார் டீச்சர். செய்துகாட்ட எழுந்த என் சிநேகிதி பொன்னாத்தா, “ஐயோ, பாம்புங்க!” என்று கத்தியதில் நாங்கள் பெஞ்சுமேல் ஏறிவிட்டோம், டீச்சரும்தான்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் அப்பா வாசலில் வந்து நின்றார்.

“அம்மிணிக்குக் கண்ணாலம் பேசிப்போட்டமுங்க. இனிப் பள்ளிக்கூடம் வேண்டாமுங்க.”

டீச்சர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். கடைசியில், “நீயாச்சும் ஏதாவது சொல்லு, பொன்னாத்தா” என்றார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தன் சிலேட்டை என் மடியில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, “வாரேன், கண்ணு” என்றாள்.

அவள் வரவேயில்லை.