பக்கத்து சீட்டில் இருந்தவனிடம் சொல்லாதது

போன வியாழக்கிழமை மாலை நீலகண்டன் என்னை "மேடம்" என்று கூப்பிட்டான்.

ஆபீசில் எல்லோருக்கும் நான் மேடம்தான். ஆனால் நீலகண்டன் வலியசாலையில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசை. பதினோரு வருடமாக நான் அவனுக்கு "அக்கா". ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் இருக்கிற எங்கள் ஐ.டி. ஆபீசில், என் டீமில்தான் அவனுக்கு வேலை. காலையில் என் காரில் வருவான், மாலையில் என் காரில் திரும்புவான். பைபாஸ் டிராஃபிக் புண்ணியத்தில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தில் நாங்கள் பேசாத விஷயம் உண்டா? கோயில் உற்சவத்துக்கு யார் சமையல், தெருவில் தண்ணீர் ஏன் வரவில்லை, அவன் பெண்ணை எந்தக் காலேஜில் சேர்ப்பது... பேசாதது ஒன்றே ஒன்றுதான். அதற்காக இந்த வாரப் பத்தியில் என்னை நானே திட்டிக்கொள்ளப் போகிறேன். சமாதானம் சொல்லி யாரும் கடிதம் போட வேண்டாம்.

நீலகண்டன் கெட்டிக்காரன். ஆனால் யாரையும் பேசி முடிக்க விடமாட்டான். நீங்கள் பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே மீதியை அவன் சொல்லிவிடுவான். எங்கள் தெருவில் இது குற்றமே இல்லை. நாலு பேர் கூடினால் நாலு பேரும் ஒரே நேரத்தில்தான் பேசுவோம். ஒருத்தி முடிக்கும்வரை இன்னொருத்தி காத்திருந்தால், "என்னடி, கோபமா?" என்று கேட்போம்.

வெளிநாட்டு கிளையண்டுக்கு எங்கள் தெருவைத் தெரியுமா? ஒன்றரை வருடத்துக்கு முன்னால் எனக்கு ஒரு மெயில் வந்தது. 'உங்கள் ஆள் எங்களைக் கேள்வி கேட்டு முடிக்க விடுவதில்லை.' நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் போட்டேன்.

என்ன பார்த்துக்கொண்டேன்? மண்ணாங்கட்டி. அன்று மாலையே காரில் சொல்ல வாயெடுத்தேன். அவன் சந்தோஷமாக இருந்தான் — நாளைக்குச் சொல்லலாம். மறுநாள் அவனுக்கு ஜலதோஷம். அப்புறம் நவராத்திரி. நவராத்திரியில் போய் ஒருவனைக் குறை சொல்வார்களா? அப்புறம் இரண்டாவது மெயில் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். "ஒனக்கு லோடு ஜாஸ்தி. கிளையண்ட் மீட்டிங் எல்லாம் இனிமே நான் பாத்துக்கறேன். நீ டிசைனை மட்டும் பாரு" என்றேன். என் கோழைத்தனத்துக்குக் கருணை வேஷம் போட்டேன். அவன் நம்பினான். மறுநாள் அவன் மனைவி கல்யாணி, டப்பா நிறைய நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்து தந்தாள். "இவரோட சிரமத்தை அறிஞ்சு செஞ்சேளே அக்கா" என்றாள். வெட்கமே இல்லாமல் அத்தனையும் தின்றேன்.

இந்த மாதம் மேலிடத்தில் ஒரு லிஸ்ட் எடுத்தார்கள். சீனியர்களில் கிளையண்டோடு நேரடியாகப் பேசாதவர்கள் யார் யார்? அவர்களுக்கெல்லாம் இரண்டு மாத நோட்டீஸ். லிஸ்ட் போட்டது அவர்கள். நீலகண்டனை அதில் ஏற்றிவிட்டது நான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு புதன்கிழமையே தெரியும். வியாழக்கிழமை காலை ஒரு மணி நேரம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தான். சொன்னேனா? உற்சவத்துக்குப் பால் பாயசமா, அடைப் பிரதமனா என்று பேசிக்கொண்டு வந்தேன்! மத்தியானம் எச்.ஆர். பெண் கூப்பிட்டு, கிளையண்டோடு பேசாதவர் என்று காரணம் சொல்லி நோட்டீஸைக் கொடுத்திருக்கிறாள். தன்னை ஏன் மீட்டிங்கிலிருந்து எடுத்தார்கள் என்று இவன் கேட்க, உங்கள் மேனேஜரைக் கேளுங்கள் என்றாளாம்.

மாலை, என் காரில் ஆக்குளம் தாண்டினோம். அப்புறம் கேட்டான்.

"மேடம், மீட்டிங்லேருந்து என்னை மாத்தினது லோடுக்கு வேண்டித்தானா?"

"இல்லை. கிளையண்ட் கம்ப்ளெயிண்ட் பண்ணினா. நீ அவாளைப் பேசி முடிக்க—"

"எப்போ? யாரு பண்ணினா? நான் என்ன—" என்று பாய்ந்தவன், பாதியில் நின்றான். அவன் காதிலேயே விழுந்துவிட்டது.

"இதுதானா?"

"இதுதான்."

"இதையாக்கும் கல்யாணி போன வருஷம் ஆத்துல சொன்னா. என்னை முழுசாப் பேச விடுங்கோன்னு. ஒரு வாரம் சண்டை. அப்புறம் மாத்திண்டேன், கேட்டேளா? ஆத்துல இப்போ நான் அப்படிப் பேசறதே இல்லை. அவ சொன்னா, மாத்திண்டேன். நீங்க சொல்லலை."

சாக்கை ஜங்ஷன் சிக்னலில் கார் நின்றதும் கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டான்.

'பாவம், மனசு கஷ்டப்படுமே' என்று சொல்லிக்கொள்கிறோமே — யார் மனசு? அவன் மனசா? பொய்! அவன் முகம் வாடினால் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியது நான். தெருவில் நாலு பேர் பேசினால் கேட்டுக்கொள்ள வேண்டியதும் நான். இந்த இரண்டிலிருந்தும் தப்பிக்க, ஒருவனுடைய பிழைப்பில் கை வைத்திருக்கிறேன். இதற்கு ஆபீசில் எனக்குக் கிடைத்த பெயர் என்ன தெரியுமா? 'தங்கமான மேனேஜர்'. நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை என் பாஸின் அறைக்குப் போனேன். தப்பு என்னுடையது, அவனிடம் காரணத்தையே சொல்லாமல் ஒதுக்கி வைத்தேன், அவனைத் திரும்ப மீட்டிங்கில் போடுங்கள், அதுவரை நோட்டீஸை நிறுத்துங்கள் என்று கொட்டித் தீர்த்தேன். பாஸ் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே, "அதொக்கெ பின்னே நோக்காம்" என்றார். அப்புறம் பார்க்கலாமாம்! அந்த 'அப்புறம்' எனக்குத் தெரியாததா? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் எச்.ஆருக்கு மெயில் அனுப்பிய பிறகுதான் எழுந்தேன்.

சனிக்கிழமை நீலகண்டன் வீட்டுக்குப் போய், இரண்டு மெயிலையும் காட்டி, மன்னிப்புக் கேட்டேன். கல்யாணி காபி தரவில்லை. ஏன் தர வேண்டும்?

திங்கட்கிழமை மீட்டிங்கில் கிளையண்ட் பெண்மணி மூச்சு விடாமல் ஒரு நீளக் கேள்வி கேட்டாள். நீலகண்டனின் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் முடித்தாள். அப்புறம் இவன் பதில் சொன்னான். அவ்வளவுதான் விஷயம்! அடுத்த மீட்டிங்குக்கும் இவரே வரட்டும் என்று அவளே எழுதியிருக்கிறாள். நோட்டீஸ் இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. ரத்தாகவில்லை.

அன்று மாலை கார் பார்க்கிங்கில் அவனைப் பார்த்ததும், "வா, போலாம்" என்று கதவைத் திறந்தேன்.

"வேண்டாம். எனக்கு உங்க மேல கோபம் போகலை" என்றான், என் முகத்தைப் பார்த்து. பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல அவனுக்கு ஐந்து நொடிகூட ஆகவில்லை.