நூறு எண்ணிய பிறகு சோறு

காலை பதினொன்று பத்துக்குத் தண்ணீரை அடிக்கும் சத்தம் கேட்டது. நேரம் இத்தனை துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் கடிகாரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

எனக்குப் பின்னால், வாசல் கதவை ஒட்டி, இடுப்புயர மண்சாடி ஒன்று இருந்தது. அதில் ஒரு மீன். சத்தம் போடுவது அதன் தொழில். அதைத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது அந்த மாதம் எங்கள் வீட்டின் சட்டம்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு ஆண்டு அது. எனக்கு ஒன்பது வயது. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் மலாக்காச் செட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மாளை நாங்கள் மாச்சிக் என்போம். நெற்றியில் திருநீறு, உடம்பில் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். தம்பி பிறந்தபோது அவர்தான் அந்த மீனைக் கொண்டுவந்து கொடுத்தார். மலாயில் புயூ, தமிழில் பனையேறிக் கெண்டை. தரையில்கூட ஊர்ந்து போகக்கூடிய கறுத்த மீன். வாசலில் வைத்தால் கெட்டது எதுவும் உள்ளே வராது, வந்தால் தண்ணீரை அடித்து எழுப்பிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. "புயூ ஜாகா ரூமா," இந்த மீன் வீட்டைக் காக்கும், என்று சொல்லிச் சாடியைத் தன் கையாலேயே வாசலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா நம்பினார். அப்பா சிரித்தார்.

புயூ காத்ததெல்லாம் தன் வயிற்றைத்தான். யார் கடந்து போனாலும் மேலே வந்து வாலால் ஓர் அடி. திரும்பிப் பார்த்தால் இன்னோர் அடி. நான் நாலு பருக்கை போடுவேன், அடங்கும். அரைமணி கழித்து மறுபடி ஆரம்பிக்கும்.

அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குக் குடியுரிமை மனு எழுதிக் கொடுப்பார். ஒரு ஞாயிறு, ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒருவரின் மனு முடியும் தறுவாயில் புயூ வாலடித்தது. தெறித்த தண்ணீரில் அவருடைய தகப்பனார் பெயர் நீலமாகக் கரைந்து ஓடியது.

"கிராணியாரே, இந்த மீனுக்கும் ஒரு மனு பாரம் எழுதிடுங்க. இங்கயே பொறந்தது லா," என்றார் அவர்.

"பரீட்சையில மலாய் பேசணும்யா."

"அதெல்லாம் பேசும். பக்கத்து வீட்டம்மாகிட்ட தினமும் பேசுதே!"

கூடமே சிரித்தது. அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று சாயங்காலமே சட்டம் பிறந்தது. மீன் அடித்தால் யாரும் திரும்பக் கூடாது. சத்தம் நின்ற பிறகு ஒன்றிலிருந்து நூறு வரை எண்ண வேண்டும். நடுவில் அடித்தால் மறுபடி ஒன்றிலிருந்து. நூறு முடிந்தால்தான் சோறு. அமைதிக்குத்தான் பலன் உண்டு என்று மீன் கற்றுக்கொள்ளுமாம்.

முதல் வாரம் புயூ இருமடங்கு அடித்தது. "வெள்ளைக்காரனும் போறப்ப இப்படித்தான் குதிச்சான். அடங்கிடும், பாரு," என்றார் அப்பா. உண்மையிலேயே அடங்கத் தொடங்கியது. அடங்காதவள் நான்தான். எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. கூப்பிடுகிற ஒன்றுக்கு முதுகைக் காட்டுவது என்ன நியாயம்? அப்பா வேலைக்குப் போனதும், அது அடிக்கும்போதே பருக்கை போட்டேன். மூன்றாம் நாள் தண்ணீரில் மிதந்த ஒற்றைப் பருக்கை என்னைக் காட்டிக் கொடுத்தது. உள்ளங்கையில் பிரம்பு. அதோடு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். அவளும் ஒரு மீன் வளர்க்கிறாள். நான் போகும்போதெல்லாம் அது கண்ணாடியை முட்டுகிறது. முட்டும்போது தீனி போட்டுக் கெடுக்காதீர்கள் என்றார் மீன்கடைக்காரர். மகளைப் பற்றி அவள் ஆசிரியை சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: எல்லாரும் தன்னையே பார்க்க வேண்டும் என்று கத்துகிறாள், கண்டுகொள்ளாமல் விடுங்கள். என் கணவரும் அதையே சொல்கிறார். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். கெட்டுப்போனால் போகட்டும். நான் திரும்பிப் பார்ப்பேன். சத்தத்தைவிட, சத்தம் நிற்பதுதான் எனக்குப் பயம். குளியலறையில் வாளிச் சத்தம் நின்றால் இன்றும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன்.

அந்த ஞாயிறு அப்பா வீட்டில் இல்லை. நடக்க முடியாத ஒரு பெரியவருக்கு மனு எழுதித் தரச் சைக்கிளில் குருபோங் தோட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா பின்கட்டில் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். மனு எழுத வருகிறவர்கள் மீனுக்கு முதுகைக் காட்டி உட்காரட்டும் என்று, அப்பா முக்காலியை முந்தின நாள்தான் சாடியோரம் நகர்த்திப் போட்டிருந்தார். தம்பிக்கு இரண்டரை வயது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் இருக்கிறான் என்று நான் நினைத்தேன்.

பதினொன்று பத்துக்குப் பெரிய அடி ஒன்று. பிறகு விடாமல் அடித்தது. தண்ணீர் என் முதுகில் தெறித்தது. இன்றைக்கு என்ன இவ்வளவு கோபம் என்று நினைத்தேன். திரும்பவில்லை. பிறகு சட்டென்று நின்றது.

அப்பாவின் கணக்குப்படி அதுதான் வெற்றி. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். கிணற்றடியில் துணி கல்லில் விழும் சத்தம் கேட்டது. இருபதில் எனக்கு ஆத்திரம் வந்தது. அதுதான் அடங்கிவிட்டதே, இன்னும் எண்பது எதற்கு? நானும்தான் ஒன்பது மணியிலிருந்து அடங்கி உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு யார் என்ன தந்தார்கள்? பாவாடை மடிப்பில் ஒளித்து வைத்திருந்த சோற்றைக் கையில் அள்ளிக்கொண்டு எழுந்தேன். அடி விழுந்தால் விழட்டும் என்று திரும்பினேன்.

சாடியின் விளிம்புக்கு மேலே இரண்டு சிறிய பாதங்கள் தெரிந்தன.

இழுத்துப் பார்த்தேன். கால் வழுக்கியது, கனத்தது. சாடியின் கழுத்தைப் பிடித்து முழு உடம்பாலும் தள்ளினேன். அது வாசற்படியில் மோதி உடைந்தது. தம்பி தண்ணீரோடு வெளியே வந்தான். உதடு நீலமாக இருந்தது. சாடி உடைந்த சத்தத்துக்கு மாச்சிக் ஓடிவந்தார். கேள்வி எதுவும் கேட்காமல் அவனைத் தன் முழங்காலில் குப்புறப் போட்டு முதுகில் அடித்தார். தண்ணீர் கொட்டியது. இருமினான். பிறகு வீறிட்டு அழுதான். அம்மா சோப்பு நுரைக் கையோடு ஓடிவந்து அவனை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புயூ செவுளை ஊன்றித் தெருவை நோக்கி நிதானமாக ஊர்ந்து கொண்டிருந்தது. மாச்சிக் அதைப் பிடித்து ஒரு பீங்கான் பேசினில் போட்டுக் கும்பிட்டார். அதுதான் தண்ணீரை அடித்து என்னைக் கூப்பிட்டதாம். அம்மா கடைசிவரை அப்படியே நம்பினார். அடித்தது மீன் இல்லை, தம்பியின் கைகள்தான் என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியாக அப்பா வந்தார். சைக்கிளை நிறுத்தாமலே கீழே விட்டார். உடைந்த ஓடுகளையும், முக்காலியையும், அம்மாவின் மடியில் தம்பியையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சத்தம் நின்னப்புறம் எத்தனை எண்ணினே?"

"இருபது. அதுக்கு மேல எண்ணல. எண்ணவும் மாட்டேன்," என்றேன். சோறு ஒட்டியிருந்த கையைப் பிரம்புக்காக நீட்டினேன்.

அவர் கால்சட்டையோடு அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்தார். என் கையைப் பிடித்தவர் அடிக்கவில்லை, விடவும் இல்லை. அடுத்து அவர் சொன்னதை, எனக்கென்று ஒரு குழந்தை பிறக்கும்வரை, நான் திட்டு என்றே நினைத்திருந்தேன்.

"நூறு எண்ணச் சொன்னேனே, பாப்பா. நான்தானே நூறு எண்ணச் சொன்னேன்."