இஷ்தியாக் பாயும் இடக்கைக்காரர்களும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருஷமாக ஃபைனல் செக்கிங் பார்க்கிற இஷ்தியாக் அகமதுக்கு மனிதர்களின் முகம் சட்டென்று ஞாபகம் வராது. செருப்பைச் சொன்னால் ஆளைச் சொல்லிவிடுவார். நானும் அதே கம்பெனிதான், லைனிங் பிரிவு. என்னை இன்றைக்கும் "குதிகால் தேஞ்சவரே" என்றுதான் கூப்பிடுகிறார். எனக்குக் கோவிந்தராஜ் என்று பெயர் ஒன்று இருக்கிறது.

நாற்பத்தோரு வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் உடம்பை அசைக்கச் சொன்னார். வாக்கிங் கோஷ்டி ஒன்றில் சேர்ந்தார். அது டீக்கடை வரை நடந்து, சமோசா தின்றுவிட்டு, ஆட்டோவில் திரும்புகிற கோஷ்டி. சர்க்கரை இன்னும் ஏறியது. அந்தக் கோபத்தில் நேராகப் போய், பழைய தோல் குடோனில் ஜான்சன் நடத்துகிற பாக்ஸிங் கிளப்பில் சேர்ந்துவிட்டார். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் ரவுண்டு முடிந்ததும் தகரத்தைத் தட்டுவது என் வேலை. அடிக்கவும் மாட்டேன், அடி வாங்கவும் மாட்டேன். எனக்கு அந்த அளவு புத்தி உண்டு.

வலக்கைக்காரர்களோடு மோதினால் பாய் சுமாராகத் தாக்குப்பிடிப்பார். வினையெல்லாம் இடக்கைக்காரர்களிடம்தான். கிளப்பில் ஏழு பேர், அதில் நாலு பேர் இடக்கை. எங்கிருந்துதான் பொறுக்கி எடுத்தானோ ஜான்சன்! இடக்கைக்காரன் வலது காலை முன்னால் வைத்து நிற்பான். பாய்க்கு முன்கால் இடது. இரண்டு காலும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும்.

"உங்க காலை அவன் காலுக்கு வெளிப்பக்கமா வைங்க பாய். வச்சிட்டு வலது கையை நேரா வுடுங்க" என்று ஜான்சன் தொண்டை வறளக் கத்துவான். பாய் வைப்பார். பத்துக்கு எட்டு தடவை அது எதிராளியின் ஷூ மேல்தான் இறங்கும்.

அங்கேதான் கூத்து. ஷூவில் கீறல் விழுந்தால் ரிஜெக்ட் என்று பதினாறு வருஷம் வாழ்ந்த மனுஷன். மிதித்த மறுநொடி "ஸாரி, ஸாரி" என்று குனிந்து, கிளவுஸாலேயே அந்த இடத்தைத் துடைப்பார். மேலேயிருந்து இடக்கை இறங்கும்.

"துடைக்காதீங்க பாய்!"

"கை தானா போவுதுப்பா. நான் இன்னா பண்றது?" என்பார், வீங்காத கண்ணால் பார்த்துக்கொண்டு.

வீட்டில் வேறு கதை. "நான் வாங்கினது கம்மி, அவனுங்கள நீ பாத்திருக்கணும்" என்று மனைவி வஹீதாவிடம் சொல்லிவிட்டார். எங்களுக்கெல்லாம் அவர் பாபி, அதாவது அண்ணி. அடுத்த ஞாயிறு பெரிய தூக்கு நிறைய ஆட்டுக்கால் சூப் கொடுத்தனுப்பினார், அடிபட்ட பிள்ளைகளுக்கென்று. அன்றிலிருந்து வாராவாரம் நாலு பேரும் பாயை அடித்துவிட்டு, அவர் வீட்டு சூப்பையும் குடித்தார்கள். மறைப்பானேன், நானும் குடித்தேன். அந்த நாலு பேரில் ஒருவனான, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டுப் பிள்ளை சதீஷ்குமார் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ ஏறினான். அவன் குத்தும் கூடவே கனத்தது.

பதினோராவது வாரம், "நானும் வந்து பாக்கறேன்" என்றுவிட்டார் பாபி. பாய் நேராக என்னிடம் வந்து நின்றார்.

"ஒரே ஒரு குத்து அவ கண்ணெதிர்ல வுழணும். இல்லன்னா இனிமே நான் இன்னா சொன்னாலும் நம்ப மாட்டா."

எனக்குப் பாவமாக இருந்தது. சதீஷை விட்டுக்கொடுக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். முறைத்தார். "பொய் ஒண்ணு போதும்" என்றார்.

ஞாயிறு வந்தது. பாபி தூக்கோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். சதீஷ் புத்தம்புது வெள்ளை ஷூவில் வந்து நின்றான், பாவி. முதல் ரவுண்டில் பாய் மூன்று தடவை மிதித்தார், மூன்று தடவை துடைத்தார், மூன்று தடவை வாங்கினார். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவது ரவுண்டில் நேரம் முடிந்தும் நான் தகரத்தைத் தட்டவில்லை. தப்புதான், தெரிந்தேதான் செய்தேன்.

பாய் கால் வைத்தார். வெள்ளை ஷூவில் கறுப்பாய்த் தடம் விழுந்தது. உடம்பு பாதி குனிந்துவிட்டது. பாபி பக்கம் ஒரு பார்வை பார்த்தார், நிமிர்ந்தார். வலது கை நேராகப் போய் சதீஷின் மூக்கில் விழுந்தது. அவன் இரண்டடி பின்னால் போய்க் கயிற்றில் சாய்ந்தான்.

குடோனே கத்தியது. நானும் கத்தினேன். பாய் மெதுவாக நடந்து போய், குனிந்து, அந்த ஷூவைத் துடைத்தார். சதீஷுக்குப் பழக்கதோஷம், இடக்கை இறங்கிவிட்டது. நான் அவசர அவசரமாகத் தகரத்தைத் தட்டினேன்.

நாலு இடக்கைக்காரர்களும் வழக்கம்போல டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். பாபி அவர்களைத் தாண்டிப் போய், தரையில் உட்கார்ந்திருந்த பாயிடம் முதல் டம்ளரை நீட்டினார்.

"இது அடிபட்டவங்களுக்கு இல்ல?" என்றார் பாய்.

"உங்களைக் கொஞ்சம் மெதுவா அடிக்கட்டும்னுதாங்க இத்தனை வாரமா அவங்களுக்குக் குடுத்தேன்" என்றார் பாபி. "அடிச்சவர் மூஞ்சியா அது? இன்னைக்குத்தான் ஒண்ணு குடுத்திருக்கீங்க. குடிங்க."

பாய் இரண்டு கிளவுஸுக்கும் நடுவில் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். சதீஷ் மூக்கைத் துடைத்தபடி காலி டம்ளரோடு காத்திருந்தான்.