பத்துப் பேருக்கான அனுமதி

எனக்கு மலை ஏறத் தெரியும் என்பதைவிட மனு எழுதத் தெரியும் என்பதுதான் உண்மை. எண்பதுகளில் சேலையூர், தாம்பரம் பக்கத்து நண்பர்கள் ஒன்பது பேர் சேர்ந்து, பொங்கல் முடிந்த வாரம் வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு மலைக்குப் போவோம். அரிசி, பருப்பு, டார்ச்லைட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். காட்டிலாகாவிடம் அனுமதி வாங்குவது என் பொறுப்பு. கேம்ப் ரோட்டில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மூன்று பிரதி அடித்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில் என்று கட்டம் போட்டு அனுப்புவேன். ஒரு தடவைகூட என் மனு திரும்பி வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

பட்டியலில் பத்தாவது பெயர் எங்கள் வழிகாட்டியுடையது. அந்த மலையிலேயே பிறந்தவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நாங்கள் அவரை அண்ணா என்போம், அவர் எங்கள் எல்லோரையும் சார் என்பார். வேறு சில கோஷ்டிகள் அவருக்கு ஒரு வேளைச் சோறும் பீடிக்கட்டும் கொடுத்து அனுப்பிவிடுவதாகக் கேள்விப்பட்டோம். தாம்பரத்தில் ஒரு கொத்தனாருக்கு என்ன கூலியோ அதையே அவருக்கும் கொடுப்போம், எங்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பி நடக்கும் நாளுக்கும் சேர்த்துக் கொடுப்போம் என்று நான்தான் சொன்னேன். அதன் பிறகு நண்பர்கள் மத்தியில் எனக்கு நியாயஸ்தன் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை நான் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஒரு வருஷம் என் ஆபீசர் தானும் மலைக்கு வருவதாகச் சொன்னார். எனக்கு ப்ரமோஷன் வரவேண்டிய நேரம், ரிப்போர்ட் எழுதுபவர் அவர். எப்படி மறுப்பது? ஆனால் பத்துப் பேருக்கு மேல் அனுமதி கிடையாது, வழிகாட்டியும் அந்தப் பத்தில் அடக்கம். நண்பர்களில் யாரையும் நிற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோவிலம்பாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த நண்பன்தான் வழி சொன்னான்.

"அவரு மலையிலயே கீறாரு. அவருக்கு இன்னாத்துக்கு சார் பர்மிட்டு? வூட்டுக்காரனுக்கே டிக்கெட் போடுவாங்களா?"

எல்லோரும் சிரித்தோம். நான் பத்தாவது கட்டத்தில் ஆபீசரின் பெயரை அடித்தேன்.

செக்போஸ்டில் தலையை எண்ணுவார்கள் என்பதால், அண்ணாவைக் குறுக்கு வழியில் வந்து மேலே சேர்ந்துகொள்ளச் சொன்னோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை, லிஸ்டில் அவர் பெயர் இல்லை என்று நாங்களும் சொல்லவில்லை. இரண்டு நாள் நடந்து, மறுபக்கம் தார் ரோட்டில் எங்களை பஸ் ஏற்றிவிட்டார். ஆபீசரின் முழங்கால் மடங்கியபோதெல்லாம் அவர்தான் தோள் கொடுத்தார். பஸ் திரும்பும்வரை ரோட்டிலேயே நின்றிருந்தார்.

அவர் மறுபடி எங்கள் கண்ணில் பட்டது மே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோளில் ஒரு பலாப்பழத்தோடு சேலையூரில் என் வீட்டு வாசலில் நின்றார். நான் வருஷாவருஷம் போடும் போஸ்ட் கார்டை ஆட்களிடம் காட்டி விலாசம் விசாரித்து, தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். என் மனைவி மோர் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

அன்று எங்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் காட்டிலாகா கார்டுகள் அவரைப் பிடித்திருக்கிறார்கள். அதே தடத்தில் யாரோ வெட்டிப் பதுக்கிய சந்தனக் கட்டை அகப்பட்டிருந்தது. இவர் இடுப்பில் கொடுவாள். தாம்பரத்து சாருங்களோடு வந்தேன், லிஸ்டில் என் பேர் இருக்கும் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். பார்த்திருக்கிறார்கள். பத்துப் பேர் இருந்தார்கள், இவர் இல்லை. ஆடுகளை விற்று ஜாமீனில் வந்திருந்தார்.

"அன்னிக்கு நான் உங்ககூடதான் இருந்தேன்னு ஒரு காயிதம் எழுதிக் குடுத்தா போதும் சார். வக்கீலு அது ஒண்ணு போதும்னாரு."

ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அதை எழுதினால் பத்துப் பேர் அனுமதியில் பதினொரு பேர் போனோம் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். வழிகாட்டியின் பெயரை எடுத்துவிட்டு யாரைச் சேர்த்தாய் என்று கேட்டால் ஆபீசர் பெயர் வரும். நானும் அரசாங்க உத்தியோகஸ்தன். அவரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் எழுத ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஆனது.

நான் எழுதியதிலேயே நேர்த்தியான கடிதம் அதுதான். 'இவரைப் பல ஆண்டுகளாக நான் அறிவேன். நேர்மையானவர், நன்னடத்தை உள்ளவர், காட்டை நேசிப்பவர்' என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மனைவி படித்துவிட்டு, "அவர் கேட்டது இதுல இல்லையேங்க" என்றாள்.

"உனக்கு ஆபீஸ் சமாசாரம் தெரியாது" என்றேன்.

அண்ணாவுக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, மடிக்காமல் பையில் வைத்துக்கொண்டார். பலாப்பழத்தை அவரே அறுத்துச் சுளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த பொங்கலுக்கு அவருக்குப் போட்ட போஸ்ட் கார்டுக்கு, வழக்கமாக அதை அவருக்குப் படித்துக் காட்டும் மலைக் கடைக்காரர் பதில் எழுதியிருந்தார். அவருக்கு ஆறு மாசம் தண்டனை ஆகிவிட்டது, வேறு ஆளை அனுப்பவா என்று கேட்டிருந்தார். எனக்கு உடம்பு சரியில்லை என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நான் எந்த மலைக்கும் போகவில்லை. ப்ரமோஷன் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் காலை, தாம்பரம் கிழக்கு பஸ் ஸ்டாண்டில் யாரோ "சார்" என்று கூப்பிட்டார்கள். முடியெல்லாம் சிமெண்ட் படிந்திருந்ததால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மேடவாக்கம் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் கல் சுமக்கிறாராம், வந்து ஒரு வருஷம் ஆகிறதாம்.

"மலையை விட்டுட்டா வந்தீங்க அண்ணா?"

"கேஸ் ஆனவனை யாரு சார் காட்டுக்குள்ள விடுவாங்க? கார்டு பாக்கறப்பல்லாம் நிறுத்துறான். அங்க இருந்து இன்னா பண்றது, சொல்லுங்க."

மலைக்காரர் வாயில் எங்கள் ஊர் 'இன்னா' வந்துவிட்டிருந்தது. என் மனைவி சௌக்கியமா என்று விசாரித்தார். ஆபீசர் சாருக்கு முழங்கால் தேவலையா என்றும் கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, தப்பாக நினைக்க வேண்டாம் என்பதுபோலச் சொன்னார்.

"அந்தக் காயிதத்தை வக்கீலு படிச்சுக் காட்டினாரு சார். நல்லா எழுதியிருந்தீங்க. அன்னிக்கு நான் கூட வந்தது மட்டும் அதுல இல்ல. மறந்துட்டீங்களா சார்?"

சொல்லிவிட்டிருக்கலாம். கோர்ட் முடிந்து, தண்டனை முடிந்து, ஆபீசரும் ரிட்டயராகியிருந்தார். இனி எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

"ஆமா அண்ணா, மறந்துட்டேன்."

அவர் முகம் தெளிந்தது. "நானும் அதான் சார் சொன்னேன். அந்த சாரு வேணும்னு விட்டிருப்பாருன்னு வக்கீலு சொன்னாரு. நான் வக்கீல்கிட்ட சண்டையே போட்டேன். எங்க சாரு அப்படிப்பட்டவரு இல்லைன்னேன்."