ஒதில் வீட்டுச் சுவர்

த்ருவா நகரத்தின் பழைய தெரு ஒன்றில், மரச்சட்டங்கள் வெளியே தெரியும் சாய்ந்த வீட்டின் மூன்றாம் மாடியில் ஒதில் வொத்ரான் தனியாகக் குடியிருந்தாள். அறுபத்தெட்டு வயது. முப்பது வருஷம் காலுறை ஆலையில் தையல் வேலை. இயந்திர இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே குரல் பெருத்துவிட்டது.

கோடை வந்தால் தினமும் பத்தரை மணிக்குச் சுற்றுலாக் கூட்டம் அவள் சன்னலுக்குக் கீழே நிற்கும். வழிகாட்டி பாஸ்தியான் ஐம்பதை நெருங்கியவன், வாய்ச்சொல் வீரன்.

"இந்த வீட்லதான் ஒரு ரசவாதி பொண்டாட்டியக் கொன்னு சுவருக்குள்ள வச்சுப் பூசிட்டான்!" என்பான். கூட்டம் அண்ணாந்து படம் எடுக்கும். எல்லாப் படத்திலும் ஒதில் காயப்போட்ட உள்பாவாடையும் சேர்ந்து விழும்.

இரண்டு கோடை பொறுத்தாள். மூன்றாம் கோடையில் ஒருநாள், வெங்காயம் நறுக்கிய கத்தியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, எந்தச் சுவரு? தண்ணிக் குழாய் போட எல்லாத்தையும் கொத்தியாச்சு. ஒரு எலி எலும்புகூட வரல!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்று மதியமே பாஸ்தியான் மூச்சிரைக்கப் படியேறி வந்தான்.

"மேடம், என் பொழப்புல மண்ணப் போடலாமா?"

"என் வீட்ல பொணத்தப் போட்டது யாரு? உன் கதையக் கேட்டு என் தங்கச்சி இங்க ராத் தங்க மாட்டேங்கிறா!"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

"சரி, நெசமா இங்க யாருதான் இருந்தாங்க?"

"ஆலைக்காரங்க. ஏழு குடும்பம், ஒரே குழாய். குடத்தோட வரிசையில நின்னப்பதான் எங்கப்பா எங்கம்மாவப் பாத்தாரு."

மறுநாள் அதையே சொன்னான். "அஞ்சு குடும்பம்" என்று அவன் ஆரம்பித்ததும், "ஏழு!" என்று மேலிருந்து குரல் வந்தது. அதற்குப் பிறகு ஜனங்கள் அவளிடமே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

"இப்பவாவது வெந்நி வருதா, மேடம்?" என்றார் ஒரு பெல்ஜியக்காரர்.

"வருது. உங்க எல்லாருக்கும் பத்தாது!"

ஆகஸ்டில் ஒருநாள் பாஸ்தியான் கீழிருந்து கூப்பிட்டான். "மேலேர்ந்து கத்துறதுக்குப் பதிலா, கூடவே வாங்களேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி, கூட்டத்தோடு பேராலயம்வரை நடந்தாள். பிறந்த ஊர்தான். ஆனாலும் அதற்குள் அவள் போனதெல்லாம் சாவுப் பூசைக்கு. அப்போது குனிந்த தலை நிமிர்ந்ததில்லை. இன்றுதான் நிமிர்ந்து பார்த்தாள். உயரமான வண்ணக் கண்ணாடிகளில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கைமேல் நீலமும் சிவப்பும் விழுந்தன.

"என்ன மேடம், சத்தமே காணோம்? நான் சொன்னதுல தப்பு இல்லியா?"

"நீ பேசினத யாரு கேட்டா?" என்றாள், பார்வையைத் தாழ்த்தாமலே.

கூட்டம் நகர்ந்தது. அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.